முப்பத்தாறாவது கட்டுரை

எண்ணாதே. பிள்ளைகளைப் பார்த்ததும் தலையை எண்ணத் தோன்றினால் நீ டீச்சர் இல்லை, ஆடு மேய்க்கிறவள். முகத்தைப் பார். ஜன்னலோரத்துப் பையனுக்குச் சட்டை புதிது, காலருக்குள் விலைச்சீட்டு தொங்குகிறது, அவனுக்கே தெரியவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு நில். எண்ணாதே.

அதற்குள் எண்ணிவிட்டிருந்தாள். முப்பத்தாறு.

சங்கரி சாக்பீஸை எடுத்துக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பினாள். முகத்தில் வந்த நிம்மதியைப் பிள்ளைகள் பார்க்க வேண்டாம் என்றிருந்தது.

மட்டாஞ்சேரியில் கால்வாயை ஒட்டி நிற்கும் அந்தப் பழைய பள்ளிக்கூடத்தில் ஜூன் மாதத்தின் முதல் வாரம் பாடம் நடத்தும் வாரம் அல்ல, தலை எண்ணும் வாரம். பள்ளி திறந்து ஆறாவது வேலைநாளில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்களோ அதை வைத்துத்தான் அந்த வருடத்துக்கு எத்தனை டிவிஷன், எத்தனை ஆசிரியர் என்று அரசு முடிவு செய்யும். அதிகாரி நேரில் வந்து பதிவேட்டைப் பார்ப்பார். எட்டாம் வகுப்பில் முப்பத்தாறு பேர் இருந்தால் இரண்டு டிவிஷன், முப்பத்தைந்து என்றால் ஒன்றுதான். எட்டில் இரண்டு நின்றால் உயர்நிலை வகுப்புகளில் மொத்தம் ஐந்து டிவிஷன் ஆகும். ஐந்து இருந்தால்தான் ஆங்கிலத்துக்கென்று தனியாக ஒரு டீச்சர். நான்காகிவிட்டால் சமூக அறிவியல் எடுக்கும் யூசுப் மாஷே ஆங்கிலத்தையும் சேர்த்து எடுத்துவிடுவார். சங்கரி வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஏற்கெனவே நியமனத்துக்கு அங்கீகாரம் வருவதற்குள் நான்கு வருடம் சம்பளமில்லாமல் வந்து போனவள் அவள். நாற்பத்தொரு வயதில் இன்னொரு பள்ளியின் வாசலில் போய் நிற்கத் தெம்பு இருக்கிறதா என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டதில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

பலகையில் ஆங்கிலத்தில் எழுதினாள்: நான் இந்தியர். அது எனக்கு எப்படித் தெரியும்?

ஒவ்வொரு வருடமும் எட்டாம் வகுப்பின் ஆங்கிலத்தை அவள் இந்தக் கட்டுரையில்தான் தொடங்குவாள். பாடப்புத்தகம் மறுநாள்தான். கட்டுரைக்குச் சில சட்டங்கள் வைத்திருந்தாள். கொடி வரக்கூடாது. கிரிக்கெட் வரக்கூடாது. வேற்றுமையில் ஒற்றுமை வரவே கூடாது. ஆங்கிலச் சொல் கிடைக்காத இடத்தில் தெரிந்த பாஷையில் எழுதிக்கொள்ளலாம். அவள் பிழை திருத்த மாட்டாள், மார்க் போட மாட்டாள். படித்துவிட்டு அடியில் ஒரே ஒரு கேள்வி எழுதித் திருப்பிக் கொடுப்பாள்.

"டீச்சரே, காந்தி வரலாமா?"

"உங்க வீட்டுக்கு வந்திருக்காரா?"

"இல்ல."

"அப்போ வேண்டாம்."

வகுப்பு சிரித்தது. "பின்னே எந்தா டீச்சரே எழுதறது," என்றான் விலைச்சீட்டுப் பையன். "பாக்கி ஒண்ணும் இல்லல்லோ."

"நீ இருக்கேல்லே. முதல்ல காலர்ல கிடக்கற சீட்டைப் பிய்ச்செறி. அப்புறம் எழுது."

அவன் கழுத்தைத் தடவிப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டான். சிரிப்பு அடங்கியதும் பேனாக்கள் நகரத் தொடங்கின. கடைசி பெஞ்சில் இருந்த ரோஜா மட்டும் யோசிக்காமல், நிறுத்தாமல் எழுதிக்கொண்டு போனாள். ஒரு முறை நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தாள். சங்கரி ஜன்னல் கதவைச் சாத்தப் போனாள். சாரல் அடித்தது, உண்மைதான். ஆனால் அது ஐந்து நிமிடமாகவே அடித்துக்கொண்டிருந்தது.

வருடத்தில் அந்த ஒரு மாலைதான் அவள் வீட்டில் கூட்டம். பஜார் ரோட்டுக்குப் பின்னால், பூட்டிக் கிடக்கும் கிட்டங்கி ஒன்றின் மேல்மாடி. ஓர் அறை, ஒரு சமையல் மூலை, காய்ந்த இஞ்சியின் வாசனை போகாத ஒரு மரப்படி. நான்கு மணிக்குப் பள்ளி வாசலில் "நாளைக்குக் காணாம்" என்று யாரிடமாவது விடைபெற்றால், அடுத்த வார்த்தை மறுநாள் காலை ஒன்பதரைக்குத்தான். காக்கநாட்டில் இருக்கும் தம்பி ரதீஷ் ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவான். மலையாளத்தில், சாப்பிட்டாயா என்று தொடங்கி வைக்கட்டுமா என்று முடிப்பான். அம்மா போன பிறகு அவளோடு தமிழ் பேச யாரும் இல்லை. ஏழு வருடம். சில நாட்களில் பாத்திரம் கழுவும்போது ஏதாவது ஒரு தமிழ்ச் சொல்லை உரக்கச் சொல்லிப் பார்ப்பாள், அது இன்னும் இருக்கிறதா என்று. சொன்ன பிறகு குழாயைத் திறந்துவிடுவாள்.

அன்று சாயா போட்டுக்கொண்டு முப்பத்தாறு தாள்களோடு கட்டிலில் உட்கார்ந்தாள். ஒருத்தி எழுதியிருந்தாள்: பாஸ்போர்ட் படத்துக்குச் சிரிக்கக் கூடாது என்று ஸ்டுடியோக்காரர் சொன்னார், அப்போதுதான் தெரிந்தது. இன்னொருவன்: என் மாமா ஷார்ஜாவில் ஒரு பஞ்சாபிக்காரரோடு ஒரே அறையில் இருக்கிறார், இரண்டு பேருக்கும் தினமும் சண்டை, லீவுக்கு வந்தால் மாமா அவரைப் பற்றி மட்டும்தான் பேசுகிறார். விலைச்சீட்டுப் பையன் நான்கே வரி: எங்கள் வீட்டில் கொங்கணி, கடையில் குஜராத்தி, தெருவில் மலையாளம், டியூஷனில் இந்தி. எல்லாவற்றிலும் என்னைத் திட்டுகிறார்கள். சங்கரி வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பு அறையில் தனியாகக் கேட்டதும் நிறுத்திக்கொண்டாள். அடியில் கேள்வி எழுதினாள்: எந்தப் பாஷையில் திட்டினால் உனக்கு அதிகம் வலிக்கும்?

ரோஜாவின் தாள் அடியில் கிடந்தது. பாதி ஆங்கிலம், மீதி மலையாளம், தமிழ் ஒரு சொல் இல்லை. குண்டு எழுத்து.

என் பெயர் ரோஜா. தென்காசிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வெளியிலிருந்து சார் வந்தால் எங்களை நிற்க வைத்து எண்ணுவார்கள். நான் நின்றேன். ரேஷனுக்கு விரல் வைக்க வேண்டும் என்று ஊருக்கு வரச் சொன்னார்கள். பஸ் ஏறிப் போய் விரல் வைத்தேன். மட்டாஞ்சேரியில் ஊசி போட வந்த சேச்சி எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். அம்மா எங்களைக் கூப்பிட்டு வரிசையாக நிற்க வைத்தாள். இப்போது இந்தப் பள்ளியில் ஒரு தலை குறைந்தது. டீச்சர் வீட்டுக்கு வந்தார்கள். நான் வந்துவிட்டேன். யாராவது எண்ணும்போது போய் நிற்க வேண்டும். நின்றால் நாம் இந்தியர். எண்ணி முடிந்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியாது.

சங்கரி பேனாவின் மூடியைத் திறந்தாள். சாயா ஆறி ஆடை படிந்தது. கேள்வி ஒன்றும் வரவில்லை.

ஒரு தலை குறைந்தது என்று இந்தப் பிள்ளைக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை. சொன்னவள் அவள்தான்.

மே மாத விடுமுறையில் எல்லா ஆசிரியர்களும் பிள்ளை தேடி வீடு வீடாக ஏறி இறங்குவது வழக்கம். யூனிஃபார்ம் தருகிறோம், பை தருகிறோம், பஸ்ஸில் ஏற்றிவிட ஆள் உண்டு என்று கெஞ்சி, ஏழாம் வகுப்பு முடித்த பிள்ளைகளின் டி.சி.யைக் கையில் வாங்கிக்கொண்டு வரவேண்டும். முப்பத்தைந்து வரை வந்து நின்றுவிட்டது. பள்ளியின் பியூன் சேவியர்தான் சொன்னார், மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு தமிழ்க் குடும்பம் இருக்கிறது, பெண் ஏழு முடித்திருக்கிறாள் என்று. இருவரும் போனார்கள்.

ஒற்றை அறை வீடு. வாசலில் ரோஜாவின் அம்மா சுப்பம்மாள் கப்பைக் கிழங்கை நறுக்கிக்கொண்டிருந்தாள். மலையாளத்தில் பேசிய சேவியரைப் பார்த்து, வேண்டாம் வேண்டாம் என்பதாகக் கையை ஆட்டினாள். அப்போது சங்கரியின் வாயிலிருந்து அது தானாக வந்தது.

"அக்கா, உங்க மகள நான் பாத்துக்கிறேன். என் கிளாஸ்லதான் இருப்பா."

சுப்பம்மாள் கத்தியைக் கீழே வைத்தாள். "நீங்க நம்ம பக்கமா டீச்சரம்மா? எந்த ஊரு?"

"பொறந்தது இங்கதான். அம்மா அப்பா சங்கரன்கோயில் பக்கம்."

"பாத்தியளா. நம்ம பாஷ பேசுத டீச்சரு இருக்காகன்னு தெரிஞ்சா இவுக அப்பாவே கொண்டாந்து விட்டுருப்பாகளே." அவள் உள்ளே போய், பிளாஸ்டிக் உறையில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்திருந்த டி.சி.யை எடுத்துவந்தாள். "அப்பா பேரு குழந்தைசாமி. சரியா போட்டுருக்காகளான்னு பாத்துக்கோங்க. எனக்கு வாசிக்கத் தெரியாது." இரண்டு கையாலும் கொடுத்தாள். சங்கரி வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு சேவியரிடம் திரும்பினாள். மலையாளத்தில், "சேவியர் சேட்டா, ஒரு தலை குறைஞ்சது இதோட தீர்ந்தது. ரட்சப்பட்டு, தப்பிச்சோம்" என்றாள்.

"ஒரு தலைக்கு இத்தற நடையோ டீச்சரே," என்றார் சேவியர். "கல்யாணத்துக்குப் பெண்ணு காணக்கூட ஞான் இத்தற நடந்திட்டில்ல."

இருவரும் சிரித்தார்கள். என்னவென்று புரியாமல் சுப்பம்மாளும் சேர்ந்து சிரித்தாள். அவளுக்குப் பின்னால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண் சிரிக்கவில்லை. சங்கரி அதை அன்றே பார்த்தாள். அம்மாவோடு ஒரு பாஷை, ஊரோடு ஒரு பாஷை என்று வளர்ந்த பிள்ளை, இரண்டுக்கும் நடுவே நின்று இரண்டையும் கேட்டுக்கொண்டிருக்கிறது. எத்தனையோ பேர் இதை மறக்கலாம். சங்கரி மறந்திருக்கக் கூடாது. அவளுடைய அம்மா மாயம்மாள் முனிசிபாலிட்டியில் தெருக் கூட்டியவள். பத்து வயதில் பள்ளி ஆபீஸில் அம்மாவின் பக்கத்தில் நின்றபோது இரண்டு டீச்சர்கள் பேசிக்கொண்டார்கள், மத்தியானக் கஞ்சி நிறுத்தினால் இதுகள் வருவதும் நின்றுவிடும் என்று. தன் பிள்ளையைப் பற்றி ஏதோ நல்லதாகச் சொல்கிறார்கள் என்று அம்மா தலையாட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். வீடு வரும் வழியில் "என்னடி சொன்னாக?" என்று கேட்டாள். "நல்லா படிக்கிறேனாம்" என்றாள் சங்கரி. சாகும் வரை அம்மாவுக்கு அது அப்படியே இருந்தது.

மறுநாள் முப்பத்தைந்து தாள்களைத் திருப்பிக் கொடுத்தாள். வகுப்பு முடிந்ததும் ரோஜா மேஜையருகே வந்து நின்றாள்.

"டீச்சரே, எனக்குக் கேள்வி?"

"நாளைக்குத் தாரேன்."

புதன்கிழமை ரோஜா வரவில்லை. வியாழனும் வரவில்லை. வெள்ளிக்கிழமை காலை சுப்பம்மாள் போன் செய்தாள். கான்ட்ராக்டர் வேலையை ஏலூருக்கு மாற்றிவிட்டாராம், குடும்பத்தோடு அங்கே ஷெட்டுக்கு வந்துவிட்டார்களாம். "சொல்லாம வந்துட்டோம் டீச்சரம்மா, கோவிச்சுக்கிடாதீய. ராத்திரியோட ராத்திரியா சாமான ஏத்திட்டாக. இங்கன பக்கத்துல ஒரு பள்ளிக்கூடம் இருக்கு. அந்த சர்ட்டிபிகேட்டு வேணுமாம்."

ஸ்டாஃப் ரூமில் அதைச் சொன்னபோது யூசுப் மாஷ் டிபன் பாக்ஸிலிருந்து நிமிரவில்லை. "பாண்டிகள் அங்ஙனயாணு டீச்சரே. இன்னு இவிட, நாளை எவிட." தமிழர்களுக்கு அங்கே வைத்திருக்கும் பெயர் அது. பிறகு நிமிர்ந்தார். "டீச்சரைச் சொன்னதில்ல, கேட்டோ. டீச்சர் நம்ம ஆளல்லவோ."

"ஆமா மாஷ்," என்றாள் சங்கரி. தயிர் சாதத்தை மூடி வைத்தாள். அவர் கெட்ட மனிதர் இல்லை. போன வருடம் அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது இரண்டு நாள் கஞ்சி கொடுத்தனுப்பியவர்.

தலைமையாசிரியை கமலாக்ஷி டீச்சர் அவளைத் தன் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார். வரும் மார்ச்சில் ஓய்வு பெறப் போகிறவர். சங்கரியின் அங்கீகாரத்துக்காக நான்கு வருடம் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியவரும் அவர்தான்.

"டி.சி. இப்போ கொடுத்தா முப்பத்தஞ்சு. தெரியுமல்லோ."

"தெரியும் டீச்சர்."

"திங்கக்கிழமை கணக்கெடுப்பு. அதுக்கப்புறம் மேல இருந்து இன்னொரு பரிசோதனை வரும். ஓணம் கழிஞ்சு கொடுத்துரலாம். கூடிப்போனா மூணு மாசம்." அவர் குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு நீ ஏலூருக்குப் போ. நின்னோட தமிழ்ல பேசினா அந்த அம்மா கேக்கும். திங்கக்கிழமை ஒரு நாள் பிள்ளையைக் கொண்டு வந்தா மதி, அது போதும். மோளே, இது எனக்கு வேண்டியில்ல. நான் போறவ. இது நினக்கு வேண்டி."

சனிக்கிழமை இரண்டு பஸ் மாறி ஏலூரில் இறங்கியபோது காற்றில் அமோனியா நெடி மூக்கைக் குத்தியது. சுற்றுமதில் மட்டும் எழும்பியிருந்த ஒரு மனைக்குள் தகர ஷெட்டுகள் வரிசையாக நின்றன. சுப்பம்மாள் தலையில் சும்மாடோடு ஓடிவந்து, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். ரோஜா இடுப்பில் தம்பியை வைத்துக்கொண்டு ஷெட்டின் வாசலில் நின்றாள். பள்ளி யூனிஃபார்மின் பாவாடையும் மேலே யாருடையதோ பெரிய சட்டையும். இரண்டு வயதுப் பிள்ளை அவள் தோளில் எச்சில் வடித்துத் தூங்கியது.

"சர்ட்டிபிகேட்டு கொண்டாந்துட்டியளா டீச்சரம்மா? இவ்வளவு தூரம் நீங்களே வரணுமா. சொன்னா நான் வந்திருப்பேனே."

சங்கரி வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியத்தைச் சொன்னாள். "திங்கக்கிழமை ஒரு நாள் மட்டும் ரோஜாவ அனுப்புங்கக்கா. நான் ஆட்டோ அனுப்புறேன்."

"ஒரு நாளா? எதுக்கு?"

"ஸ்கூல்ல ஒரு பரிசோதனை."

"அன்னைக்கு குடுத்துருவாகளா?"

"கொஞ்ச நாள் ஆகும்."

"எத்தன நாளு?"

சங்கரி ஓணம் என்றாள். சுப்பம்மாள் சும்மாட்டை அவிழ்த்து உதறினாள். "ஒரு பேரு ரெண்டு எடத்துல இருக்கப்படாதாமே. அங்கன விட்டாத்தான் இங்கன கம்ப்யூட்டர்ல ஏறுமாம். அந்தப் பள்ளிக்கூடத்து டீச்சரு நல்லபடியாத்தான் சொல்லுச்சு. ஓணம் வரைக்கும் இவ இவன தூக்கிக்கிட்டு அலைவா. அதுக்கப்புறம் எங்க டீச்சரம்மா போவா? மூத்தவளும் இப்பிடித்தான். சிமெண்டு வேலைக்கு நாங்க எடம் மாறுனப்ப ஒரு மாசம்னு பள்ளிக்கூடம் போகாம நின்னா. அந்த ஒரு மாசம் முடியவே இல்ல. இப்ப ரெண்டு புள்ள அவளுக்கு." அவள் குரலில் குறை சொல்லும் தொனி இல்லை. பிறகு சங்கரியின் கையைத் தொட்டாள். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். நம்ம ஆளு. நீங்களே பாத்துச் சொல்லுங்க."

மேஸ்திரி கூப்பிட்ட சத்தம் கேட்டு அவள் எழுந்து போனாள். போகும்போது "டீச்சரம்மாவுக்குக் காப்பி போடு" என்று மகளிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

ரோஜா தம்பியை இடுப்பு மாற்றிக்கொண்டாள். அம்மா இன்னும் காது கேட்கும் தூரத்தில்தான் இருந்தாள். பிள்ளை மலையாளத்துக்கு மாறினாள்.

"ஞான் வராம் டீச்சரே. எண்ணித் தீர்ந்ததும் பஸ் ஏத்தி விடுமோ? தம்பி கரையும்."

தம்பி அழுவான் என்று சொன்னாலும் அவள் குரலில் அழுகை இல்லை. பிள்ளை சாதாரணமாகத்தான் கேட்டாள், நேரம் கேட்பது மாதிரி. சங்கரிக்கு அவளை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கை எழவில்லை. எந்த உரிமையில் எழும். "காப்பி வேண்டாம்மா" என்று தமிழில் சொன்னாள். பிறகு அதையே மலையாளத்திலும் சொன்னாள், எதற்கென்று தெரியாமல்.

ஞாயிறு முழுவதும் மழை. ரதீஷ் கூப்பிட்டான். சாப்பிட்டாயா என்றான். "ரதீஷ், வேலை போனா நான் என்ன செய்வேன்?" என்று கேட்டாள். மறுமுனையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. "ஏன் இப்படியெல்லாம் யோசிக்கற சேச்சி, ஒண்ணும் ஆகாது" என்றான். அவன் மனைவி ஏதோ கேட்டாள், வைக்கட்டுமா என்றான்.

அவள் ஜன்னலருகே உட்கார்ந்தாள். வேலை போனால் இழக்கப்போவது எது என்று நேர்மையாகப் பார்க்க முயன்றாள். சம்பளம், சரி. ஆனால் உள்ளே நடுங்கிக்கொண்டிருந்தது அது இல்லை. காலை ஒன்பதரைக்கு "குட் மார்னிங் டீச்சர்" என்று எழுந்து நிற்கும் அந்தச் சத்தம் இல்லாமல் போகும். யாரும் அவளைப் பெயர் சொல்லி அழைக்காத நாட்கள் வரும். பள்ளி இல்லாவிட்டால் இந்த ஊரில் தான் இருப்பது யாருக்குத் தெரியும் என்று ஒரு பட்டியல் போட்டுப் பார்த்தாள். பால்காரர் வரைக்கும் வந்து நின்றது.

திங்கட்கிழமை கமலாக்ஷி டீச்சர் காலை ஏழு மணிக்கே சேவியரை ஆட்டோவில் ஏலூருக்கு அனுப்பியிருந்தார். பத்தரைக்கு அவர் தனியாகத் திரும்பி வந்தார், முழங்கால் வரை சேறு. "கான்கிரீட் போடற நாள். அம்மையும் அப்பனும் வேலையில. அவளோட தம்பிக் கொச்சினை நோக்க ஆளில்லன்னு சொல்லிட்டாங்க. அந்தப் பெண்ணு பாவம், யூனிஃபார்ம் இட்டு நிக்கறா."

"யூனிஃபார்ம் போட்டு நின்னாளா?" என்றாள் சங்கரி.

"ம்ம். சடையும் பின்னி."

அதிகாரி வந்துவிட்டார். நல்ல மழையில் நனைந்து வந்தவர், ஆபீஸில் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டு ஒன்பதாம் வகுப்புப் பதிவேட்டைப் புரட்டினார். பக்கத்து அறையில் கமலாக்ஷி டீச்சர் எட்டாம் வகுப்பின் பதிவேட்டை மேஜைமேல் திறந்து வைத்தார். காலையில் சங்கரி வருகை எடுத்தபோது ரோஜாவின் பெயருக்கு நேரே இருந்த கட்டத்தைக் காலியாக விட்டிருந்தாள். புதன், வியாழன், வெள்ளிக் கட்டங்களிலும் மை படவில்லை.

"இந்த நாலு கட்டத்துல பிரசண்ட் போடு. சார் நல்ல மனுஷன், ஒவ்வொருத்தரா எழுப்பி நிக்க வெக்க மாட்டார். கேட்டா, வயித்துவலி, இப்பத்தான் வீட்டுக்கு அனுப்பினோம்னு நான் சொல்லிக்கறேன். அந்தக் கட்டுரை இருக்கல்லோ நின்கிட்ட, முதல் நாள் எழுதினது. அதையும் எடுத்து வை. தேதி இருக்கு, பிள்ளையோட கையெழுத்து இருக்கு. அதைவிட என்ன தெளிவு வேணும்?"

"அதுல என்ன எழுதியிருக்கான்னு தெரியுமா டீச்சர்?"

"யார் வாசிக்கப் போறா மோளே? மேல பேரு இருந்தா மதி." அவர் சங்கரியின் முழங்கையைப் பிடித்தார். கை சூடாக இருந்தது. "கேளு. அந்தப் பிள்ளைக்கு மூணு மாசம். நினக்கு ஜீவிதம். வேற யாருமில்ல நினக்கு, எனக்குத் தெரியும். நான் போன பின்ன உன்னைக் கவனிக்க இங்க ஆளில்ல. அதான் சொல்றேன்."

அவர் சொன்னதில் பொய் எங்கே இருக்கிறது என்று சங்கரி தேடினாள். அந்த மூன்று மாசத்தில் மட்டும்தான் இருந்தது. மற்றதெல்லாம் உண்மை, வேற யாருமில்ல என்பது உட்பட. தன் வாழ்வை இவ்வளவு சுருக்கமாக இன்னொருவர் சொல்லிக் கேட்டபோது அவளுக்குக் கோபம் வரவில்லை. நெடுநாள் சுமந்த ஒன்றைக் கீழே வைத்துப் பார்த்த ஓர் அசதிதான் வந்தது. பரவாயில்லை, அது இவ்வளவுதான். தூக்கிக்கொண்டு நடக்க முடியாத எடை இல்லை.

வெளியே அதிகாரி நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது. "அடுத்தது எட்டாம் கிளாஸ்," என்றார் யாரிடமோ.

சங்கரி உட்கார்ந்தாள். பேனாவை எடுத்து, புதன்கிழமையிலிருந்து தொடங்கி, நான்கு கட்டங்களிலும் வரவில்லை என்று குறித்தாள். அவசரப்படாமல், பக்கத்துக் கட்டத்தில் படாமல். பிறகு அலமாரியிலிருந்து டி.சி. புத்தகத்தை எடுத்து, ரோஜாவின் பெயர், அப்பாவின் பெயர், பிறந்த தேதி எல்லாம் நிரப்பி, தலைமையாசிரியர் கையெழுத்திட வேண்டிய இடத்தைத் திருப்பி வைத்தாள்.

"இதுல ஒரு ஒப்பு போட்டுத் தாங்க டீச்சர். மத்தியானம் நானே கொண்டுபோய்க் கொடுத்துட்டு வந்துடறேன்."

கமலாக்ஷி டீச்சர் பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பவும் போட்டுக்கொண்டார், எழுத்து மாறிவிடும் என்பதுபோல. கதவுப்பக்கம் செருப்புச் சத்தம் நெருங்கியது. அவர் கையை நீட்டினார், கிட்டத்தட்டக் கெஞ்சலாக.

"அந்தக் கட்டுரையாவது தா. எதையாவது சொல்லிச் சமாளிச்சுக்கறேன். சங்கரி, தா."

"அதுவும் எண்ணிக் காட்டறதுக்கு இல்ல டீச்சர்," என்றாள் சங்கரி.